மூன்றாம் மாடிக்கு வந்த மணல்மேட்டுக் குட்டி

கேள்வி: திருச்சி தில்லைநகரில் அடுக்குமாடிக் குடியிருப்பின் 3-வது மாடியில் இருக்கிறோம். ஐப்பசி மழையில், பக்கத்தில் கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்தின் மணல் குவியலில் நனைந்துகொண்டிருந்த ஒரு பெண் நாய்க்குட்டியை என் 8 வயது மகன் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். தாய் நாய் திரும்பி வரவேயில்லை. கால்நடை மருத்துவமனையில் 50 நாள் இருக்கும் என்று சொல்லி, குடற்புழு மருந்தும் முதல் தடுப்பூசியும் கொடுத்தார்கள். வந்து 12 நாளாகிறது. வீடு முழுக்கச் சிறுநீர். ஹால் முழுவதும் செய்தித்தாள் விரித்தும் கால்மிதியில்தான் போகிறது. பால்கனிக்குக் கொண்டுபோனால் விளையாடிவிட்டு, உள்ளே வந்தவுடன் போகிறது. மூக்கைப் பிடித்து அதில் தேய்த்தால் புத்தி வரும் என்று யாரோ சொன்னதை நம்பி என் கணவர் அப்படியே செய்கிறார். இப்போது சோபாவுக்குப் பின்னால் போய் ஒளிந்து இருக்கிறது. இரவெல்லாம் அழுகை. விளையாடும்போது மகனின் கையில் பால்பல் கீறிக் கொஞ்சம் ரத்தமும் வந்தது. நான் வேலைக்குப் போய்விடுவேன். பகலில் மாமியார் மட்டும்தான் வீட்டில். பூஜையறை வாசலில் போய்வைத்த அன்று, ஞாயிற்றுக்கிழமைக்குள் இதை எங்கேயாவது விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மகனோ சாப்பிட மறுக்கிறான். இந்தக் குட்டியை எங்கள் வீட்டில் வளர்க்க முடியுமா, டாக்டர்?

பதில்:

சகோதரி,

வளர்க்க முடியும். ஆனால் குட்டியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் உங்கள் மகனின் கையைப் பற்றிப் பேச வேண்டும். கடிதத்தில் ஒரே வரியில் கடந்துபோயிருக்கும் அந்தக் கீறல்தான் எல்லாவற்றையும்விட அவசரமானது. பால்பல் என்றாலும், விளையாட்டில் பட்டது என்றாலும், ரத்தம் வந்திருக்கிறது. தெருவில் பிறந்த குட்டி. அதன் தாய் எது, அதை வேறு எது கடித்தது என்பது யாருக்கும் தெரியாது. 50 நாளில் போட்ட தடுப்பூசி பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற நோய்களுக்கானது. வெறிநோய்க்கான தடுப்பூசியைக் குட்டிக்கு 3 மாதம் ஆனபிறகுதான் போடுவோம். ஆகவே அந்தப் பாதுகாப்பு இதற்கு இன்னும் இல்லை. கீறல் பட்டு எத்தனை நாள் ஆகியிருந்தாலும் இன்றே மகனை அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அழைத்துப் போங்கள். அங்கே ஊசி இலவசம். ரத்தம் வந்த காயம் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அத்தகைய காயத்துக்கு ஊசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் தேவைப்படும். எத்தனை தவணை சொல்கிறார்களோ அத்தனையையும் விடாமல் போட்டு முடியுங்கள். இனி எப்போது பல் பட்டாலும் ஓடும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சளோ சுண்ணாம்போ வைக்காதீர்கள். வெறிநோய் வந்த பிறகு காப்பாற்ற மருந்து கிடையாது, வருமுன் தடுக்க நிச்சயமாக முடியும் என்பதால்தான் இதை முதலில் எழுதுகிறேன். போய்வந்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

இப்போது குட்டி. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். 'சொன்னால் கேட்பதில்லை', 'வேண்டுமென்றே செய்கிறது' என்ற எண்ணம் வீட்டில் எல்லோருக்கும் இருப்பது தெரிகிறது. நடப்பது வேறு. பிறந்து முதல் 3 வாரம் நாய்க்குட்டியால் தானாகச் சிறுநீர் கழிக்கவே முடியாது. தாய் நக்கித் தூண்ட வேண்டும். வருவதையும் அவளே நக்கிச் சுத்தம் செய்துவிடுவாள். கால் ஊன்றி நடக்கத் தொடங்கியதும், 3-வது வாரம் முதல், படுக்கும் இடத்தை விட்டுத் தள்ளாடித் தள்ளாடி நாலடி போய் அங்கேதான் குட்டி போகும். இதை யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. படுக்கையை அசிங்கப்படுத்தக் கூடாது என்ற அறிவோடுதான் உங்கள் குட்டியும் மூன்று மாடி ஏறி வந்திருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், அதற்குப் 'படுக்கும் இடம்' என்பது சுருண்டு தூங்கும் இரண்டு முழத் துண்டு மட்டும்தான். நீங்கள் வீடு என்று சொல்வது ஹால், அடுக்களை, இரண்டு படுக்கையறை, பூஜையறை எல்லாம் சேர்ந்த இடம். குட்டியின் கணக்கில் அந்தத் துண்டுக்கு வெளியே இருப்பதெல்லாம் வெளியூர். பூஜையறை வாசலில் போனபோது படுக்கையிலிருந்து வெகுதூரம் தள்ளி நல்ல பிள்ளையாகப் போனதாகத்தான் அது நினைத்திருக்கும். ஆகவே நமக்குள்ள வேலை ஒன்றுதான்: 'வீடு' என்று அது நினைத்துக்கொண்டிருக்கும் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்க வேண்டும். இரண்டு முழம் ஒரு மூலையாக, மூலை ஒரு அறையாக, அறை முழு வீடாக. முதல் நாளே முழு வீட்டையும் திறந்துவிட்டால் எந்தக் குட்டிக்கும் புரியாது.

முதலில் மூலை. ஹாலில் உங்கள் மாமியார் வழக்கமாக உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில், நாலடிக்கு நாலடி. இரண்டு பக்கம் சுவர் இருக்கும். மற்ற இரண்டு பக்கத்துக்குப் பழைய பலகை, கவிழ்த்துப் போட்ட ஸ்டூல், குழந்தைகளுக்கு மாடிப்படியில் வைக்கும் தடுப்பு, எது கையில் கிடைக்கிறதோ அது போதும். உள்ளே ஒரு அட்டைப்பெட்டி, அதில் பழைய பருத்திப் புடவை, தண்ணீர்க் கிண்ணம், கடிக்க ஒன்றிரண்டு பொருள். யாருடைய கண்ணாவது முழுதாகக் குட்டியின் மேல் இருக்கும்போது மட்டும்தான் அது வெளியே. மற்ற நேரம் மூலையில், அல்லது மடியில். இதைச் சிறை என்று நினைத்துப் பாவம் பார்க்காதீர்கள். 9 வாரக் குட்டி ஒரு நாளில் 18 மணி நேரம்வரை தூங்கும். பூஜையறை வாசலில் நிரந்தரமாக ஒரு தடுப்பு வைத்துவிடுங்கள். அது பயிற்சிக்காக அல்ல, உங்கள் மாமியாரின் மனநிம்மதிக்காக. அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

அடுத்தது, போக வேண்டிய இடம். ஹாலில் விரித்த செய்தித்தாள்களை இன்றே சுருட்டி எடுத்துவிடுங்கள். ஹால் முழுவதும் தாள் விரித்தால், ஹால் முழுவதும் போகலாம் என்றுதான் நாமே சொல்லிக்கொடுத்ததாக ஆகும். அதுவும் போக, உங்கள் குட்டி தாளை மதிக்காததற்குக் காரணம் உண்டு. எந்தத் தரையில் போவது என்ற விருப்பம் குட்டிகளுக்கு 7, 8 வாரத்தில் உறுதிப்பட ஆரம்பிக்கிறது. உங்கள் குட்டி அந்த வயதுவரை இருந்தது மணலில். காலுக்கடியில் மெத்தென்று இருக்க வேண்டும், போனது உடனே உறிஞ்சப்பட வேண்டும், பாதத்தில் தெறிக்கக் கூடாது. டைல்ஸ் தரையில் அதற்கு இணையாகக் கிடைப்பது கால்மிதி ஒன்றுதான். அது கால்மிதியைத் தேடிப் போவது குறும்பு அல்ல; மணலைத் தேடுகிறது. எனவே கால்மிதிகள் எல்லாவற்றையும் இரண்டு மாதத்துக்குப் பரண்மேல் ஏற்றிவிட்டு, பால்கனியில் மணலையே கொடுத்துவிடுங்கள். மூன்றடிக்கு இரண்டடி அகலமான பிளாஸ்டிக் தட்டு, குட்டி தானாக ஏறி இறங்கும்படி விளிம்பு தாழ்வாக இருக்கட்டும். நான்கு விரற்கடை மணல். முதல் நாள், அது நனைத்த தாளில் ஒரு துண்டைக் கிழித்து மணலுக்குள் புதைத்துவிடுங்கள். வாசனைதான் அதற்கு முகவரி. மலத்தை அவ்வப்போது அள்ளிவிட்டு, நனைந்த மணலைத் தினமும் வாரி எடுத்துப் புது மணல் போடுங்கள். சில மாதம் கழித்து நர்சரியில் பத்தையாக வெட்டித் தரும் புல்லை மணல்மேல் வைத்தால், பிறகு கீழே புல்தரைக்கு மாற்றுவது எளிது.

மொட்டை மாடிக்குக் கொண்டுபோகலாமே என்று தோன்றும். பொதுவான மொட்டை மாடி என்றால் வேண்டாம். அங்கே யாராவது வடகம் காயவைத்திருப்பார்கள், துணி உலர்த்தியிருப்பார்கள். குட்டிக்குப் பழக்கம் வருவதற்குள் உங்களுக்கு அக்கம்பக்கத்தில் வருத்தம் வந்துவிடும்.

எப்போது கொண்டுபோவது? தூங்கி எழுந்த நொடியில். சாப்பிட்டு முடித்துக் கால் மணி நேரத்துக்குள், ஏனென்றால் வயிறு நிறையும்போது குடல் அசையத் தொடங்கும். விளையாடி முடித்ததும். இவை எதுவும் இல்லையென்றாலும் விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு முறை. இந்த வயதில் சிறுநீரை அடக்கும் தசைகள் இன்னும் வலுப்பெறவில்லை. 4 மாதத்துக்கு மேல்தான் அடக்கிவைக்கும் திறன் ஓரளவுக்கு வரும். அதுவரை நேரத்தைக் காப்பது நம் பொறுப்பு.

என்னிடம் ஒரு ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் தன் பேத்தியின் குட்டியைக் கொண்டுவருவார். பொன்மலைப் பணிமனையில் வேலை பார்த்தவர். இரண்டாவது தடுப்பூசிக்கு வந்தபோது சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய நோட்டை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று பத்தி: சாப்பிட்டது, தூங்கி எழுந்தது, போனது. நேரம் நிமிடக் கணக்கில். தப்பாக உள்ளே போனதற்குச் சிவப்பு மையில் ஒரு சுழி. நாலாவது நாள் பக்கத்தில் மாலை 5 மணியிலிருந்து 7 மணிக்குள் மட்டும் நான்கு சிவப்புச் சுழி. "அந்த நேரத்தில் பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து விளையாடுகிறாள், டாக்டர். விளையாட்டு உச்சத்தில் இருக்கும்போது நாங்கள் யாரும் கவனிப்பதில்லை" என்றார். விளையாட்டுக்கு நடுவே 10 நிமிடத்துக்கு ஒரு முறை வெளியே தூக்கிப் போனார்கள். அடுத்த வாரப் பக்கங்களில் சிவப்பு மை அநேகமாக இல்லை. ஒரு குட்டிக்கு நான் எழுதிக்கொடுத்த எந்த மருந்துச் சீட்டைவிடவும் அந்த நோட்டு அதிகம் உதவியது. நீங்களும் எழுதுங்கள். அடுக்களையில் தொங்கும் தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். மூன்றே நாளில் உங்கள் குட்டியின் கடிகாரம் உங்களுக்குப் படிக்க வந்துவிடும்.

நேரத்தோடு உடலையும் பார்க்க வேண்டும். நாளைக் காலை குட்டி விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பந்தைத் துரத்திக்கொண்டே இருக்கும். திடீரென்று பந்தில் ஆர்வம் போய்விடும். மூக்கு தரைக்கு இறங்கும். கோடு போடுவதுபோல் முகர்ந்துகொண்டே இரண்டு அடி போகும், நிற்கும், திரும்பும், ஒரு சின்ன வட்டம் சுற்றும். வாலின் அடிப்பகுதி மெல்லத் தூக்கும். பின்னங்கால் மடிவதற்கு முன் உங்களுக்கு நாலைந்து நொடி இருக்கிறது. சத்தம் போடாமல் ஒரு கையை நெஞ்சுக்கடியிலும் ஒரு கையைப் பின்புறத்திலும் கொடுத்துத் தூக்கிக்கொண்டு நேராக மணல் தட்டுக்குப் போங்கள்.

பால்கனிக்குப் போனதும் அது விளையாடுகிறது என்கிறீர்கள். அங்கே காக்கை, காற்று, கீழே வண்டிச் சத்தம் என்று எல்லாமே புதிது. மெல்லிய கயிற்றைக் கழுத்துப் பட்டையில் கட்டி, தட்டுக்குப் பக்கத்திலேயே தூண்போல் நின்றுவிடுங்கள். பேச வேண்டாம், கொஞ்ச வேண்டாம். வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்லுங்கள். 'போய்விட்டு வா' என்று வைத்துக்கொள்ளலாம். 5 நிமிடம் பொறுங்கள். போகவில்லையென்றால் உள்ளே தூக்கிவந்து மடியிலோ மூலையிலோ 10 நிமிடம் வைத்திருங்கள், தரையில் விடாதீர்கள், மறுபடி பால்கனி. 'வெளியே போகாமல் உள்ளே வந்தவுடன் போகிறது' என்று வருத்தப்படுபவர்கள் எல்லோரும் தவறவிடுவது இந்தப் பத்து நிமிடத்தைத்தான்.

போய் முடித்த அந்த நொடியிலேயே, தட்டுக்குப் பக்கத்திலேயே, கடலைமணி அளவு தின்பண்டம் கொடுங்கள். பன்னீர்த் துண்டு, வேகவைத்த கேரட், வீட்டில் சாப்பிடுபவர்களானால் வேகவைத்த கோழி. உள்ளே வந்து ஃபிரிட்ஜைத் திறந்து கொடுத்தால், உள்ளே வந்ததற்காகக் கிடைத்தது என்றுதான் அதற்குப் புரியும்.

இனி உங்கள் கணவர் செய்வதற்கு வருகிறேன். அவர்மேல் கோபம் வேண்டாம். இந்த யோசனை ஊர் முழுவதும் இருக்கிறது, படித்தவர்களும் சொல்கிறார்கள். ஆனால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். மூக்கைத் தேய்க்கும்போது குட்டி கற்பது 'வீட்டுக்குள் போகக் கூடாது' என்பதை அல்ல. 'இந்த மனிதர் பார்க்கும்போது போனால் ஆபத்து' என்பதை. அதனால்தான் சோபாவுக்குப் பின்னால் போய் ஒளிகிறது. அது மட்டுமல்ல, பால்கனியில் நீங்கள் பக்கத்தில் நிற்கும்போது போகாமல், உள்ளே நீங்கள் திரும்பிய பிறகு போவதற்கும் இதுவே முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன். மனிதர்கள் பார்வையில் போகவே பயப்படும் குட்டியை மனிதர்கள் எப்படிப் பழக்குவது?

'தப்புச் செய்துவிட்டோம் என்று அதற்கே தெரிகிறது, காதை மடக்கிக்கொண்டு பார்வையைத் திருப்பிக்கொள்கிறதே' என்று அவர் கேட்கலாம். அமெரிக்காவில் பார்னார்ட் கல்லூரியைச் சேர்ந்த அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2009-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. எடுக்கக் கூடாது என்று சொன்ன தின்பண்டத்தை நாய் எடுத்ததா இல்லையா என்பதற்கும் அந்தக் 'குற்ற முகத்துக்கும்' தொடர்பு இல்லை. உரிமையாளர் திட்டினால் முகம் அப்படி ஆனது. எதுவும் எடுக்காத நாயும் திட்டு வாங்கியபோது அப்படித்தான் முழித்தது. நாம் பார்ப்பது குற்ற உணர்வை அல்ல, பயத்தை. பழைய பயம் போக, மணல் தட்டுப் பக்கத்தில் தின்பண்டம் கொடுக்கும் வேலையை இந்த வாரம் உங்கள் கணவரே எடுத்துக்கொள்ளட்டும். பயந்த ஆளிடமிருந்தே பரிசு வரத் தொடங்கினால் குட்டி சீக்கிரம் மனம் மாறும். அவர் வேலையிலிருந்து வந்ததும் குட்டி குனிந்து, உடம்பைச் சுருட்டி, சில சொட்டு விட்டால் அது பணிவில் வருவது, சிறுநீரை அடக்க முடியாமல் வருவது அல்ல. நேராகக் குனிந்து கொஞ்சாமல், பக்கவாட்டில் உட்கார்ந்து, குட்டி தானாக வரும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள்.

உள்ளே போய்க்கொண்டிருக்கும்போதே பார்த்துவிட்டால், கையை ஒருமுறை மெதுவாகத் தட்டி, தூக்கிக்கொண்டு தட்டுக்குப் போங்கள். போய் முடித்த பிறகு பார்த்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை, துடைக்க வேண்டியதுதான். அதிலும் ஒரு கவனம்: பினாயில் வேண்டாம். நம் மூக்குக்குத்தான் அந்த வாடை சிறுநீரை மறைக்கும், நாயின் மூக்குக்கு மறைக்காது. பினாயில் துடைத்த தரையில் நடந்து பாதத்தை நக்கும் குட்டிக்கு அது நல்லதும் அல்ல. அமோனியா கலந்த திரவங்கள் சிறுநீர் வாடையையே நினைவூட்டும். முதலில் துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த வினிகரால் துடைத்துக் காயவிடுங்கள். செல்லப் பிராணிகள் கடையில் கிடைக்கும் நொதிக் கலவை இதைவிட நன்றாக வேலை செய்யும். சோபாவை நகர்த்திப் பின்னாலும் துடைத்துவிடுங்கள். அங்கே இப்போது ஒரு பழைய முகவரி இருக்கிறது.

பகலில் உங்கள் மாமியாரிடம் எதைக் கேட்பது? அவரால் குனிந்து குனிந்து துடைக்க முடியாது, அதை எதிர்பார்க்கவும் கூடாது. மூலை அவர் பக்கத்தில் இருந்தால், குட்டி எழுந்து முனகும் சத்தம் அவருக்குக் கேட்கும். தடுப்பை நகர்த்திக் கயிற்றைப் பிடித்துப் பால்கனிக்கு நாலு அடி நடந்தால் போதும். மதியம் ஒரு மணி நேரம் உங்களாலோ கணவராலோ வந்துபோக முடிந்தால் அவருக்குப் பெரிய உதவி. அதிகாலையில் எழுந்து கோலம் போடும் வழக்கமுள்ளவரானால், குட்டியின் முதல் முறையையும் அந்த நேரத்தோடு சேர்த்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமைக் கெடுவை இரண்டு வாரம் தள்ளிவைக்கும்படி நான் கேட்டுக்கொண்டதாக அவரிடம் சொல்லுங்கள். இரண்டு வாரத்தில் குட்டி முழுதாகப் பழகிவிடும் என்று சொல்லவில்லை. ஆனால் துடைக்கும் துணி பாதி நேரம் காய்ந்தே கிடக்கும்.

என்ன கொடுக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நம் வீடுகளில் பெரும்பாலும் பால் சோறுதான், அதுவும் இரவில். தாய்ப்பாலை விட்ட குட்டிகள் பலவற்றுக்குப் பசும்பால் செரிக்காது. வயிறு தளர்ந்து நள்ளிரவில் ஓட வேண்டியிருக்கும். பாலை இன்றிரவே நிறுத்துங்கள். குட்டிகளுக்கான உலர் உணவோ, முட்டையோ கோழியோ சேர்த்துக் குழைய வேகவைத்த சோறோ, ஒரு நாளைக்கு 4 வேளை, தினமும் ஒரே நேரத்தில். உள்ளே போவது நேரத்துக்குப் போனால் வெளியே வருவதும் நேரத்துக்கு வரும். கடைசி வேளை இரவு 8 மணிக்குள். திருச்சி வெயிலில் தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள். வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்பு, திராட்சை, பாயசத்தில் போடும் உலர்திராட்சை, சாக்லேட் இவை விஷம். மகனிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

இரவு அழுகை பற்றி. 50 நாள்வரை ஒரு மணி நேரம்கூடத் தனியாகத் தூங்கியிராத உயிர் அது. கூடப்பிறந்தவற்றின் சூட்டில் கிடந்ததை இருட்டு ஹாலில் விட்டால் அழத்தான் செய்யும். அட்டைப்பெட்டியை இரவு உங்கள் கட்டிலுக்கு அருகில் வையுங்கள். அழும்போது கையைக் கீழே விட்டால் முகர்ந்து பார்த்துவிட்டுத் தூங்கும். 11 மணிக்கு ஒரு முறை, 2 அல்லது 3 மணிக்கு ஒரு முறை, விடியற்காலை ஒரு முறை தட்டுக்குத் தூக்கிப் போங்கள். விளக்கைப் போடாமல், பேசாமல், போனதும் திரும்பப் பெட்டிக்கு. நடுராத்திரிப் பயணம் விளையாட்டாகிவிட்டால் தினமும் விளையாடக் கேட்கும். வளர வளர இடைவெளி தானாக நீளும். ஒரு மாதத்துக்குப் பிறகு பெட்டியை இரவுக்கு ஓரடி ஓரடியாக ஹாலுக்கு நகர்த்திக்கொள்ளலாம்.

மகனும் பல்லும். கடிப்பதைக் கை தட்டியோ வாயைப் பிடித்தோ நிறுத்த முடியாது. தோலில் பல் பட்டதும் விளையாட்டு நின்றுவிட வேண்டும். மகன் கையை இழுக்காமல் அசையாமல் எழுந்து திரும்பி நிற்கட்டும். அரை நிமிடம் கழித்துத் துணிப் பொம்மையோடு மறுபடி ஆரம்பிக்கட்டும். ஓடினால் துரத்திக் கடிக்கும், ஆகவே ஹாலில் ஓட்டம் வேண்டாம். இருவரும் விளையாடும்போது பெரியவர் ஒருவர் கட்டாயம் பக்கத்தில் இருக்க வேண்டும். 4 மாதத்தை ஒட்டி 28 பால்பற்களும் விழுந்து 42 பற்கள் முளைக்கத் தொடங்கும்போது ஈறு ஊறும். பழைய துண்டை நனைத்து முடிச்சுப் போட்டு ஃபிரிட்ஜில் குளிரவைத்துக் கொடுங்கள். சோபா கால் தப்பும்.

தடுப்பூசித் தவணைகள் 16 வாரத்தில் முடியும்வரை தெருத் தரையிலோ, மற்ற நாய்கள் போன இடத்திலோ இறக்கிவிடாதீர்கள். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். செருப்பையும் வாசலிலேயே கழற்றுங்கள். ஆனால் அதற்காக வீட்டுக்குள்ளேயே பூட்டிவைப்பதும் தவறு, இதை நான் மிகவும் வற்புறுத்துவேன். உலகத்தில் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று குட்டி முடிவு செய்யும் பருவம் 3-வது வாரத்திலிருந்து ஏறக்குறைய 14-வது வாரம்வரைதான். உங்களுக்கு மீதமிருப்பது ஐந்தே வாரம். தோளில் போட்டுக்கொண்டோ துணிப்பையில் உட்காரவைத்தோ தினமும் கால் மணி நேரம் கீழே கூட்டிப் போங்கள். காய்கறி வண்டி, ஆட்டோ, தலைக்கவசம் போட்டவர், கைத்தடி ஊன்றிய தாத்தா, சீருடைப் பிள்ளைகள், கோயில் மணி எல்லாவற்றையும் உங்கள் கையிலிருந்தபடியே பார்க்கட்டும், கேட்கட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு துளி பன்னீர். வீட்டில் தினமும் இரண்டு நிமிடம் பாதம், காது, வாய் இவற்றைத் தொட்டுப் பழக்குங்கள். பிற்காலத்தில் நகம் வெட்டும் என்னைப் போன்றவர்கள் உங்களை வாழ்த்துவோம்.

சிறிது சிறிதாக, நிமிடத்துக்கு நிமிடம், முக்கி முக்கிச் சிறுநீர் போனாலோ, அதில் ரத்தம் கலந்திருந்தாலோ அது பழக்கக் குறைவு அல்ல, நோய்த்தொற்று. பெண் குட்டிகளுக்கு அதிகம் வரும். வாந்தி, ரத்தம் கலந்த பேதி, சோர்ந்து படுப்பது என்றால் மறுநாள்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

10 நாள் சிவப்புச் சுழி இல்லாமல் போனால் மூலையை முழு ஹாலாக விரியுங்கள். அந்த ஹாலில் உட்கார்ந்து சாப்பாடு போடுங்கள், விளையாடுங்கள், அங்கேயே தூங்கவும் விடுங்கள். சாப்பிட்டுத் தூங்கிய இடம் அதற்கு வீடாகிவிடும். இன்னும் இரண்டு வாரம் கழித்து ஒரு படுக்கையறை. எங்காவது தவறினால் ஒரு படி பின்னால் வந்து மறுபடி தொடங்குங்கள். 5, 6 மாதத்தில் நம்பிக்கையாக இருக்கும் குட்டிகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். சிலவற்றுக்கு ஒரு வருடம்கூட ஆகும்.

ஒன்று விட்டுப்போயிற்று. இவ்வளவு நீளமான கடிதத்தில் குட்டியின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. இன்னும் வைக்கவில்லை போலும். இரண்டு அசையில் ஒரு பெயர் வையுங்கள். எல்லோரும் அதையே சொல்லுங்கள். பெயரைச் சொல்லி அது திரும்பிப் பார்த்தால் ஒரு தின்பண்டம், ஓடி வந்தால் இரண்டு. பெயரைச் சொல்லித் திட்ட மட்டும் வேண்டாம். எந்தப் பெயர் என்பதை, மகன் சம்மதித்தால், உங்கள் மாமியாரிடமே கேளுங்கள்.